மாத்திரைக்கு ஒரு நாள் விடுப்பு

எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகரின் மேசையில் முதலில் நடப்பது எண்ணிக்கைதான். நோயாளி கொண்டுவந்த டப்பாவைத் திறந்து, மிச்சமிருக்கும் மாத்திரைகளை ஒரு தாளில் கொட்டி, விரல் நுனியால் இரண்டிரண்டாக ஒதுக்கி எண்ணுவார்கள். போன தடவை கொடுத்தது முப்பது. இன்று இருபத்தெட்டு நாள் ஆகிறது. இரண்டு மிச்சம் இருந்தால் சரி. நான்கு இருந்தால் இரண்டு வேளை தவறியிருக்கிறது என்று அர்த்தம். இருபத்தெட்டில் இருபத்தாறு, 93 சதவீதம். நோயாளி கையில் வைத்திருக்கும் பச்சைப் புத்தகத்திலும் மையத்தில் இருக்கும் வெள்ளை அட்டையிலும் இந்தக் கணக்கு ஏறும். 95க்குக் கீழே இறங்கியவரிடம் ஒரு கேள்வி கேட்கப்படும்: “ஏன் விட்டுட்டீங்க?”

“மறந்துட்டேன்” என்பதுதான் உலகெங்கும் இந்தக் கேள்விக்கு அதிகமாகக் கிடைக்கும் பதில். ஆய்வு வினாத்தாள்களிலும் அதுதான் முதலிடத்தில் நிற்கிறது. கேட்பவரையும் சொல்பவரையும் சங்கடப்படுத்தாத பதில் என்பதால் அது முதலிடத்தில் நிற்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ரூமில் நான்கு பேர் இருந்தார்கள், பையைத் திறக்க முடியவில்லை என்று சொல்வதைவிட மறந்துவிட்டேன் என்று சொல்வது எளிது. சூப்பர்வைசர் லீவு தரவில்லை என்று சொன்னால் ஆலோசகரால் என்ன செய்துவிட முடியும்?

எச்.ஐ.வி. சிகிச்சை நிலைப்பதும் முறிவதும் நோயாளியின் ஒழுக்கத்தைப் பொறுத்தது என்ற எண்ணம் மருத்துவமனைக்கு உள்ளேயும் வெளியேயும் ஊறிப்போயிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் தொழில் வழித்தடத்தின் வேலை ஒழுங்கை ஒரு பக்கமும், கடந்த இருபத்தைந்து ஆண்டு ஆய்வுகளை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. இங்குள்ள தொழிலாளர்களிடம் தொற்று கூடுதல் என்று நான் சொல்லவில்லை. அப்படி எண்ணவும் முகாந்திரம் இல்லை. தமிழ்நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள் என்பது அரசு மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகும் வயதினர். லட்சக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் அவர்களும் இருப்பார்கள், அவ்வளவுதான்.

முதலில் அந்த 95 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 2000ஆம் ஆண்டு டேவிட் பாட்டர்சனும் சக மருத்துவர்களும் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருந்து டப்பாவின் மூடியில் சின்ன மின்னணுச் சில்லு ஒன்றைப் பொருத்தி, மூடி எப்போதெல்லாம் திறக்கப்பட்டது என்று பதிவு செய்தார்கள். ஆய்வில் கணக்கில் கொள்ளப்பட்டவர்கள் அமெரிக்க நோயாளிகள் 81 பேர். 95 சதவீதத்துக்குக் குறையாமல் மருந்து எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்குத்தான் வைரஸ் அடங்கவில்லை. 80க்கும் 95க்கும் இடையில் இருந்தவர்களில் அது 61 சதவீதம். 80க்கும் கீழே 80 சதவீதம். இவ்வளவு சிறிய ஆய்விலிருந்து பிறந்த எண் உலகம் முழுக்க ஆலோசகர்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அன்றைய மருந்துகளுக்கு அது நியாயமான எண்தான். ஒரு நாளைக்குப் பல மாத்திரைகள், சில வெறும் வயிற்றில், சில சாப்பாட்டோடு. கொஞ்சம் தவறினாலும் வைரஸ் தப்பித்துக்கொள்ளும்.

இன்று அரசு மையத்தில் கிடைப்பது வேறு மருந்து. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50, மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. மையங்களில் இதை டி.எல்.டி. என்பார்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் என்ற கணக்கு இதற்கு இல்லை. காலையோ இரவோ எந்த நேரத்திலும் போடலாம். டோலுடெக்ராவிர் ஒரு வேளை தவறினாலும் ரத்தத்தில் தாக்குப்பிடிக்கும். அதை எதிர்த்து நிற்க வைரஸுக்குச் சுலபத்தில் வழி கிடைப்பதில்லை. புதிய மருந்துகளில் 80 சதவீதத்தை ஒட்டிய ஒழுங்கில்கூடப் பலருக்கு வைரஸ் அடங்கியே இருக்கிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. இதனால் விட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இடையில் இரண்டு மாத்திரை தவறியவரைக் குற்றவாளிபோல உட்கார வைக்கும் காலம் போய்விட்டது என்பதற்காகத்தான் சொல்கிறேன். ஆனால் மருந்தே இல்லாமல் இரண்டு வாரம், ஒரு மாதம் போனால் எந்த மருந்தும் மன்னிக்காது. நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலோருக்கு வைரஸ் மீண்டும் கிளம்பிவிடும். சிகிச்சையை வேண்டுமென்றே இடையிடையே நிறுத்திப் பார்த்த ‘ஸ்மார்ட்’ என்ற பெரிய ஆய்வில் 5,472 பேர் இருந்தார்கள். நிறுத்தியவர்களிடம் நோயும் இறப்பும் கூடியதால் 2006இல் அதைப் பாதியிலேயே முடித்துக்கொண்டார்கள்.

ஆகவே இன்று அஞ்ச வேண்டியது மருந்து கையில் தீர்ந்துபோய் வாரக்கணக்கில் விழும் இடைவெளியைத்தான். அந்த இடைவெளி ஞாபக மறதியால் விழுவது குறைவு. பெரும்பாலும் அது மையத்துக்குப் போக முடியாத ஒரு நாளில் தொடங்குகிறது.

தமிழ்நாட்டுக்கு இந்த நோயோடு நீண்ட பழக்கம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் தொற்றுகள் தெரியவந்தன. அந்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. 1993இல் சாலமன் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. சிகிச்சை என்று சொல்லக்கூடிய ஒன்று அப்போது பணக்காரர்களுக்கே எட்டியது. தாம்பரம் சானடோரியத்தில் மருத்துவர் தெய்வநாயகம் காலத்தில் ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றையும் சேர்த்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேறொன்றும் கைக்கு எட்டாத நாட்கள் அவை. 2001இல் சிப்லா நிறுவனம் முக்கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்கு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தருவதாக அறிவித்தது. அதன் பிறகு உலகக் கணக்கே மாறியது. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டின் எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியது. அந்த எட்டில் தாம்பரமும் ஒன்று.

மருத்துவர் குமரசாமி, சாலமன் குழுவினர் சென்னை நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசி, மருந்து ஏன் தவறுகிறது என்று ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். காசுதான் முன்னால் வந்த தடை. பணம் இல்லாத மாதங்களில் மருந்தை நிறுத்தியவர்கள் இருந்தார்கள். அதற்கு அடுத்தபடியாக வந்தது தனிமை. கூட்டுக் குடும்பத்தில், யார் கண்ணிலும் படாமல் ஒரு மாத்திரையை விழுங்க இடம் இல்லை. இருபது ஆண்டில் முதல் தடை ஏறக்குறைய விலகிவிட்டது, மருந்து இலவசம். 2017லிருந்து, நோயெதிர்ப்புத் திறனைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் தொற்று தெரிந்தவுடன் மருந்து என்ற கொள்கையும் வந்துவிட்டது. இரண்டாவது தடை மட்டும் கூட்டுக் குடும்பத்திலிருந்து ஹாஸ்டலுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது.

சுங்குவார்சத்திரத்துக்கு வருவோம். பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிக் காஞ்சிபுரம் போகும் வழி. கைபேசியும் டிவியும் பிரிட்ஜும் செய்யும் ஆலைகள் இந்தப் பக்கம். ஒரகடம் பக்கம் போனால் கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள். விடியற்காலை ஐந்து மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஷிஃப்ட் முடிந்து இறங்குபவர்களும் ஏறப்போகிறவர்களும் ஒரே டீக்கடையில் நிற்பார்கள்; ஒருவருக்கு அது இரவு, இன்னொருவருக்குக் காலை. விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர் பக்கத்துப் பெண்கள்; ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் இளைஞர்கள். கேட்டால், நிரந்தரத் தொழிலாளி என்று சொல்பவர் குறைவு. கான்ட்ராக்ட் அல்லது டிரெய்னி.

இப்போது எல்லோருக்கும் தெரிந்த மூன்று ஷிஃப்ட் முறையை எடுத்துக்கொள்வோம்: காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, இரவு பத்து முதல் ஆறு. வாராவாரம் மாறும். டி.எல்.டி. வருவதற்கு முன் சில ஆண்டுகள் அரசு மையங்களில் முதல்நிலை மருந்தாக இருந்தது எஃபாவிரென்ஸ் சேர்ந்த மாத்திரை. அது தலைசுற்றல் தரும், விசித்திரக் கனவுகள் தரும். அதனால் “படுக்கப் போகும்போது போடுங்க” என்பார்கள். “தினமும் ஒரே நேரத்துல போடுங்க” என்றும் சொல்வார்கள். காலை ஷிஃப்டில் இருப்பவருக்கு இரண்டும் ஒத்துப்போகும், இரவு பத்து மணி. ஞாயிறு இரவு பத்து மணிக்கு மாத்திரை போட்டவர் திங்கள் இரவு நைட் ஷிஃப்டுக்குள் நுழைகிறார். இப்போது பத்து மணிக்குப் போட்டால் லைனில் தலைசுற்றும். படுக்கும்போது போடலாம் என்றால், செவ்வாய் காலை எட்டு மணி. இடைவெளி 34 மணி நேரம். எந்த அறிவுரையை மீறுவது? எஃபாவிரென்ஸ் உடம்பில் நீண்ட நேரம் தங்கும் மருந்து. 34 மணி நேரத்தில் பெரிய கேடு வந்துவிடாது. அதை அவரிடம் சொன்னவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நேரம் தவறிவிட்டது, இனி போட்டுப் பயனில்லை என்று அந்த வேளையையே விட்டுவிடுபவர்கள் உண்டு. மாத்திரை எண்ணும் மேசையில் அது “மறந்துட்டேன்” ஆகிவிடும்.

டி.எல்.டி. வந்ததும் இந்தச் சிக்கல் ஓய்ந்தது. மருந்தின் வேதியியல் மாறியதால் ஒரு தொழிலாளர் பிரச்சினை தீர்ந்ததற்கு இது நல்ல உதாரணம். ஆனால் பழைய அறிவுரைகள் மருந்தோடு சேர்ந்து மாறவில்லை. கடிகாரம் பார்த்து மாத்திரை போட வேண்டும் என்ற பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. ஷிஃப்ட் மாறும் நாளில் சில மணி நேரம் முன்னே பின்னே போனால் பரவாயில்லை, நினைவு வந்ததும் போட்டுவிடுங்கள் என்ற ஒரு வாக்கியம் இந்த வழித்தடத்தில் இருப்பவருக்கு எவ்வளவு தேவை என்பதை நைட் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். டி.எல்.டி.க்கு வேறு ஒரு ஜாக்கிரதை உண்டு. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் இதோடு சேர்த்துப் போட்டால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாக ஏறாது. சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம், இல்லாவிட்டால் டி.எல்.டி.யை இரண்டு மணி நேரம் முன்னதாகப் போட வேண்டும். அமில எதிர்ப்பு மாத்திரையானால் சாப்பாட்டோடும் சேர்க்காமல் இதே இடைவெளி விட வேண்டும். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரையும், கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஜெலுசிலும் விழுங்கும் இளம்பெண்கள் நிறைந்த ஊரில் இதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டாமா? காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெக்ராவிரை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளையாகத் தர வேண்டும் என்பதும் இதைப்போல் விட்டுப்போகக் கூடாத விஷயம்.

அடுத்தது அறை. 2021 டிசம்பரில் கைபேசி செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் கெட்டுப்போன உணவால் பல பெண்கள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அவர்களுடைய தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். விடுதிகளில் எத்தனை பேர் எப்படி அடைந்து கிடக்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டையில் 706.50 கோடி ரூபாய் செலவில், 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. நல்ல கட்டடம், வரவேற்க வேண்டிய வேலை. ஆனால் பகிர்ந்து வாழும் அறை பகிர்ந்து வாழும் அறைதான். ஒருத்தி நைட் முடித்துத் தூங்கும்போது இன்னொருத்தி தலை சீவிக்கொண்டிருப்பாள். தினம் ஒரு மாத்திரை போடும் பெண்ணிடம் “எதுக்குடி இது?” என்று கேட்காத அறைத்தோழி இருக்க முடியாது. அந்தக் கேள்வியில் அக்கறைதான் இருக்கும். ஆனால் பதில் சொல்ல முடியாதே.

டப்பா பெரியது, உள்ளே மாத்திரைகள் குலுங்கிச் சத்தம் போடும். அதனால் பஞ்சு திணிப்பார்கள், லேபிளைக் கிழிப்பார்கள், மாத்திரைகளை விட்டமின் டப்பாவுக்கோ பிளாஸ்டிக் கவருக்கோ மாற்றுவார்கள். மருந்தின் டப்பாவுக்குள் ஈரத்தை உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்று இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கவரில் வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மாத்திரை தாங்காது. சத்தம் வராத, மருந்தின் பெயர் வெளியே தெரியாத அட்டையில் மாத்திரை கொடுத்தால் எவ்வளவோ பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள். மருந்துக் கொள்முதல் டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் முடிகிற காரியம் இது.

மறதிதான் காரணம் என்றால் நினைவூட்டினால் தீர்ந்துவிட வேண்டும். அதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அனிதா ஷெட்டும் குழுவினரும் தென்னிந்தியாவின் மூன்று சிகிச்சை மையங்களில் 631 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் தானியங்கிக் குரல் அழைப்பும் ஒரு படச் செய்தியும் கைபேசியில் வந்தன. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 96 வாரம் தொடர்ந்த இந்த ஆய்வின் முடிவு 2014இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வந்தது. இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் கென்யாவில் 538 பேரை வைத்து நடந்து 2010இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வில் கைபேசிச் செய்தி பலன் தந்தது. அங்கே அனுப்பியது மருந்து சாப்பிடச் சொல்லும் நினைவூட்டல் இல்லை. வாரம் ஒருமுறை, எப்படி இருக்கிறீர்கள் என்று ஸ்வாஹிலியில் ஒரு வார்த்தை. நலம் என்றோ சிக்கல் என்றோ நோயாளி பதில் போட வேண்டும். சிக்கல் என்று வந்தாலும், பதிலே வராவிட்டாலும் மருத்துவமனைப் பணியாளர் கூப்பிட்டுப் பேசுவார்.

இரண்டு நாடு, இரண்டு சூழல். நேருக்கு நேர் ஒப்பிட்டு ஒன்று வென்றது, மற்றது தோற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேசுவதற்கு ஆள் இருப்பதும் இயந்திரம் கூப்பிடுவதும் ஒன்றல்ல என்பதை யோசிக்க வைக்கும் முடிவுகள் இவை. அதோடு, பல ஆலைகளில் கைபேசியை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். செயலி ஒன்று செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கிளம்புகிறவர்கள் ஒரு நாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அந்த கேட்டில் வந்து நின்று பார்க்கட்டும்.

குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடிப்பவர்கள் மருந்து தவறவிடுவது அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. போதையில் மறந்துபோகிறவர்கள் உண்டு. ஆனால் இன்னொரு பகுதியினர் தெரிந்தே விடுகிறார்கள்; குடித்த அன்று மாத்திரை போட்டால் விஷமாகிவிடும் என்று பயந்து, நல்ல எண்ணத்தில் விடுகிறார்கள். குடித்த நாளிலும் டி.எல்.டி. போடலாம், போட வேண்டும். “குடிச்சா மருந்து வேலை செய்யாது” என்று மிரட்டி அனுப்பினால் சம்பள நாளில் குடிக்கிறவர் குடியை விடமாட்டார், மருந்தைத்தான் விடுவார். மனச்சோர்வும் ஒரு பெரிய காரணம். அதற்கென்று தனிக் கட்டுரைதான் எழுத வேண்டும்.

இனி அந்த ஒரு நாள். சுங்குவார்சத்திரத்தில் இருப்பவர் மருந்துக்குக் காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்கோ, செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கோ, தாம்பரத்துக்கோ போக வேண்டும். காஞ்சிபுரம் கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர், தூரம் பெரிதல்ல. மையம் பகலில், வேலை நாளில் இயங்கும். முதல் ஷிஃப்ட்காரருக்கு அது வேலை நேரம். நைட் முடித்தவர் தூக்கத்தை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். வரிசை, எண்ணிக்கை, ஆலோசனை, சில நாள் ரத்தப் பரிசோதனை என்று அரை நாளுக்கு மேல் ஓடிவிடும். கான்ட்ராக்ட் தொழிலாளி லீவு போட்டால் அன்றைய கூலி போகும். பல இடங்களில் அதோடு அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். மாதாமாதம் லீவு கேட்டால் “உனக்கு என்னதான் பிரச்சினை?” என்ற கேள்வி வரும். தலைவலி, பல்வலி, பாட்டி இறந்தது என்று எத்தனை மாதம் ஓட்ட முடியும்? ஒரு மாதம் தள்ளிப்போடுவார். மருந்து தீரும். தீர்ந்த பிறகு போனால் திட்டுவார்களே என்று இன்னும் ஒரு வாரம் தள்ளும். மூன்று மாதம் வராதவரைத் தொடர்பு விட்டுப்போனவர் என்று பதிவேடு எழுதிக்கொள்ளும்.

ஒடிசாக்காரருக்கும் பீகார்க்காரருக்கும் இதில் மேலும் இரண்டு முடிச்சு. ஆலோசனை தமிழில் நடக்கும். கான்ட்ராக்டர் ஆளை ஒரகடத்திலிருந்து ஓசூருக்கு மாற்றினால் மையமும் மாற வேண்டும். பச்சைப் புத்தகத்தோடு போனால் வழியில் உள்ள எந்த ஏ.ஆர்.டி. மையத்திலும் தற்காலிகமாக மருந்து வாங்கிக்கொள்ளலாம். முறையாக இடம் மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. தீபாவளிக்கும் சாத் பூஜைக்கும் ரயில் ஏறுகிறவர்களுக்கு அதை அவர்களுடைய மொழியில் யார் சொல்வது?

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ இந்த நாளின் சுமையை அறியாமல் இல்லை. 2020 ஊரடங்கின்போது பல மாத மருந்தை மொத்தமாகக் கொடுத்தார்கள். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் அமைப்புகள் வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. நிலையாக இருப்பவருக்கு மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் தர இன்று வழிகாட்டு நெறி இடம் தருகிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு லீவு நான்காகக் குறைகிறது. ஆனால் “நிலையாக இருப்பவர்” என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். லீவு கிடைக்காததால் வரத் தவறியவர் நிலையற்றவர் ஆகிறார். நிலையற்றவர் என்பதால் அவர் மாதாமாதம் வர வேண்டும். யாருக்கு வருவது கடினமோ அவரையே அடிக்கடி வரச் சொல்லும் ஏற்பாடு இது. வெளிநாடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி வந்துவிட்டது, மாத்திரைத் தொல்லை ஒழிந்தது என்று சிலர் உற்சாகப்படுகிறார்கள். ஊசிக்கும் லீவு போட்டுத்தானே வர வேண்டும்?

மருந்து ஒழுங்காகப் போனால் லாபம் யாருக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் சிகிச்சை தொடங்கியவர்களை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து, ஹர்ஷா திருமூர்த்தி குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் அவர்களுடைய வேலைவாய்ப்பும் வருமானமும் உயர்ந்தது தெரிந்தது. அதே 2011இல், சென்னையையும் ஒரு களமாகக் கொண்டு ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வின் முடிவு வந்தது. உடனே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைவருக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைந்திருந்தது. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவால் தொற்று பரவாது என்பது இன்று உறுதியான மருத்துவ உண்மை. சக தொழிலாளிக்கு அவரால் ஆபத்து எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சேர்ந்து சாப்பிடுவதாலும் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலும் இந்தக் கிருமி பரவாது.

ஆனாலும் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிறதே, அதற்கு வரலாறு உண்டு. பம்பாயில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கூலிக்கு இருந்த தொழிலாளி ஒருவரைத் தொற்று காரணமாக வேலைக்கு எடுக்க மறுத்தார்கள். 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பு சொன்னது. பெயரை வெளியிடாமல் எழுத்துகளால் மட்டுமே அவரைக் குறிப்பிட்ட வழக்கு அது. வேலை செய்யும் தகுதி உள்ளவரைத் தொற்றைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். இருபது ஆண்டு கழித்து, 2017இல் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. வேலையில் சேர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவது பாகுபாடு. ஒருவருடைய தொற்று நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் இது குறித்த புகாரை வாங்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும்.

நூறு பேர் என்பது இந்த வழித்தடத்தில் சின்னக் கம்பெனி. ஆனால் பாலியல் தொந்தரவுப் புகார்க் குழுவின் பெயர்ப் பட்டியல் நோட்டீஸ் போர்டில் தொங்குவதுபோல் இந்த அலுவலரின் பெயர் தொங்கிப் பார்த்தவர்கள் இருந்தால் கை தூக்கலாம். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரத்துக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. ஷிஃப்டும் லீவும் பேசி வாங்க வேண்டியவை என்பது இங்கே யாருக்கும் புதிதல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காரணம் கேட்காத, கூலி பிடிக்காத ஒரு மருத்துவ விடுப்பு நாள் எல்லாத் தொழிலாளிக்கும் கொடுக்கப்பட்டால், எச்.ஐ.வி. உள்ளவர் அந்தக் கூட்டத்தில் அடையாளம் தெரியாமல் போய்வருவார். சர்க்கரை, காசநோய், வலிப்பு மருந்து வாங்குகிறவருக்கும் அது உதவும். எச்.ஐ.வி.க்கென்று தனிச் சலுகை கேட்டால் கேட்பவர் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே எல்லோருக்கும் கேட்பதுதான் சரி.

அரசுத் தரப்பில் கேட்க வேண்டியதும் பெரிதல்ல. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பகுதியில், மாலை ஏழு மணி வரைக்கும் ஞாயிறன்றும், பொது மருந்து வழங்கும் ஜன்னலோடு ஜன்னலாக ஏ.ஆர்.டி. மருந்தும் கிடைக்க வேண்டும். இந்தி, ஒடியா தெரிந்த ஓர் ஆலோசகர் வேண்டும். தவறி வந்தவரை முதல் கேள்வியிலேயே கூண்டில் ஏற்றாமல், “எந்த ஷிஃப்ட்ல இருக்கீங்க?” என்று தொடங்கும் பயிற்சி வேண்டும். 1998இல் சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கிய நாமக்கல் கௌசல்யா போன்றவர்கள், தொற்றோடு வாழ்பவரே தொற்றோடு வாழ்பவருக்கு நல்ல துணை என்று எப்போதோ நிரூபித்துவிட்டார்கள். அப்படிப்பட்ட ஒருவரைச் சம்பளம் கொடுத்து இந்த வழித்தடத்தில் அமர்த்துவது, எத்தனை செயலி செய்தாலும் அவற்றைவிட மலிவு.

இதைப் படிப்பவர்களில் மருந்து நிறுத்திவிட்டவர் இருக்கலாம். எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் திரும்பிப் போகலாம். மருந்து மீண்டும் தொடங்கப்படும், காசு கிடையாது. பச்சைப் புத்தகம் தொலைந்திருந்தாலும் போங்கள். எந்த மையம், எப்போது திறந்திருக்கும் என்று கேட்க தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097, கட்டணம் இல்லை.